பிள்ளையைப் பெருக்கும் மாத்திரை

ஐப்பசி 4, செவ்வாய்

விடியும்போதே மழை. விறகெல்லாம் ஈரம், வீடு முழுக்கப் புகை. சாமை காயவில்லை. முறத்தோடு அடுப்புக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறது.

உள்ளங்கால் எரிச்சல். மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி. நாக்கு வெந்து கிடக்கிறது, ரசம்கூட ஆகவில்லை. ஏழாம் மாதம் பிறந்தாயிற்று.

நாமக்கல் டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை இன்றுதான் தொடங்கினேன். போன மாதம் இவர் சம்பளம் வாங்க மலையை விட்டுக் கீழே இறங்கினபோது கூடப் போய் வாங்கி வந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தமே இல்லையே என்று திட்டினார். ஈஸ்டு மாத்திரையாம். அதில் விட்டமின் என்று ஒன்று இருக்கிறதாம். யுத்த காலம், புட்டி தீர்ந்தால் மறுபடி கிடைப்பது சந்தேகம், வீணாக்காதே என்றும் சொல்லி அனுப்பினார். வாங்கி வந்தும் இத்தனை நாள் நாற்றத்துக்குப் பயந்து தொடவில்லை. கள்ளுப் பானையைச் சுரண்டி உருட்டின மாதிரி.

விட்டமினை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா என்று இவரிடம் கேட்டேன். காற்றை நீ பார்த்திருக்கிறாயா என்றார். வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டால் இந்தப் பதில்தான் கிடைக்கும்.

அத்தை புட்டியை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அதிசயம்.

மறக்காமல்: உப்பு, சீமெண்ணெய், இவர் சட்டைக்குப் பொத்தான்.

ஐப்பசி 9, ஞாயிறு

காலையில் பனிமூட்டம், மத்தியானம் கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது.

எரிச்சல் பாதி குறைந்துவிட்டது. நாக்கில் புண் ஆறுகிறது. நேற்று ராகிக் களி இரண்டு உருண்டை, கீரைக் குழம்போடு. எத்தனை நாளாயிற்று இப்படிச் சாப்பிட்டு. மூன்றாவது கேட்டேன்.

அத்தை சட்டியைக் கவிழ்த்து வைத்தார். "ஏழுக்கு மேல வயித்தக் கொறைக்கோணும் அம்முணி. புள்ள பெருத்துப் போச்சுன்னா அப்புறம் யாரு வந்து எடுப்பா?"

களியில் இவ்வளவு கணக்கா. கோபம் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

இன்று சுனைக்குப் போனபோது அடுத்த வீட்டுப் பாப்பாத்தி பார்த்துவிட்டுச் சொன்னாள், முகம் தெளிந்துவிட்டதாம், வயிறும் ஒரேயடியாக ஏறிவிட்டதாம். அந்த மாத்திரை பிள்ளையை ஊத வைக்கும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். பலாக்காய்க்கு உரம் போட்டது போல என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

பயமாக இருக்கிறது. உடம்பு தேறத் தேறப் பயம். கால் எரிந்தபோது வலி மட்டும்தான் இருந்தது.

ஐப்பசி 11, செவ்வாய்

மழை. பள்ளிக்கூடத்துக்கு நான்கு பிள்ளைகள்தான் வந்தார்களாம்.

நேற்றும் இன்றும் மாத்திரை போடவில்லை. இவரிடம் சொல்லவில்லை. இந்த மலையில் டாக்டர் ஏது. மருத்துவச்சி நல்லம்மாளின் இரண்டு கை, வெந்நீர், சாமி பேர், அவ்வளவுதான். அதில் என் பிள்ளை தண்டியாக வேறு இருந்தால்?

என் அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பேன். இல்லாத அம்மாவை என்ன கேட்பது.

ஐப்பசி 13, வியாழன்

கால் மறுபடி எரிகிறது. பயம் ஒரு பக்கம் கிடக்கட்டும், ஒன்று போட்டுக்கொள்வோம் என்று புட்டியைத் தேடினால் காணோம். மாடத்தில் இல்லை. பெட்டிக்குப் பின்னால் இல்லை. பூனை உருட்டியிருக்கும் என்கிறார் இவர். எந்தப் பூனை புட்டியை மூடியோடு தூக்கிப் போகும்.

எனக்குத் தெரியும் யார் என்று.

அத்தையைப் பற்றி எழுதுகிறேன், மனசு ஆறட்டும். களியை அளந்து போடுகிறவர். மோரைத் தண்ணீராக்கிக் கொடுக்கிறவர். நெய்யை ஒளித்து வைக்கிறவர். வந்த மருமகள் நன்றாக இருப்பது கண்ணுக்குப் பொறுக்காதவர். எழுதியும் ஆறவில்லை.

ஐப்பசி 15, சனி

சுனையில் குடத்தைத் தூக்கினதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்துவிட்டேன், விழவில்லை. குடம் உருண்டு போயிற்று. பாப்பாத்திதான் கூட்டி வந்து விட்டாள்.

நல்லம்மாள் வந்து வயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே அத்தையிடம்தான் சொன்னாள். "புள்ள பெருசெல்லாம் இல்லீங்க. மாசத்துக்குத் தக்கனயே இல்லீங்க. கையில அகப்படறதே கொஞ்சந்தான். தாயி தின்னாத்தானுங்களே அது வளரும்."

அத்தை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தாநாளிலிருந்து பிள்ளையின் அசைவும் குறைவு. நான் யாரிடமும் சொல்லவில்லை. பெரிதாகிவிடும் என்று பயந்தேனே. பாவி. இப்போது அசைந்தால் போதும் என்றிருக்கிறது.

ஐப்பசி 17, திங்கள்

கேட்டுவிட்டேன். இவர் பள்ளிக்கூடம் போனபிறகு நேராகவே கேட்டேன், என் மாத்திரையை என்ன செய்தீர்கள் என்று. குரல் உயர்ந்துவிட்டது. நான் பட்டினி கிடந்து செத்தால் உங்களுக்குச் சந்தோஷமா என்றும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அத்தை எழுந்து போய் அடுக்குப் பானைகளில் கடைசிப் பானைக்குள் கைவிட்டு, ராகிக்குள்ளேயிருந்து புட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ராமாயி என்று இவருக்கு ஒரு அக்கா இருந்தது தெரியும். பிரசவத்தில் போனது தெரியும். அதற்கு மேல் இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்று கீழேயிருந்து மலைக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

"நான்தான் ஊட்டுனேன். வெண்ணெ, முட்டை, கருப்பட்டி. போதும் போதும்னு சொன்னவள அதட்டித் தின்ன வெச்சேன். ரெண்டு உசுருக்குத் தின்னு சாமின்னேன். புள்ள இத்தாத் தண்டி. வெளிய வர முடியில. எங்கையாலயே ஊட்டிக் கொன்னு போட்டேன் அம்முணி. உன்னையும் அப்படி உட்டுருவேனா?"

அழவில்லை. கையை விரித்து, இத்தாத் தண்டி என்று காட்டினாரே, அந்தக் கையை மடக்கவே இல்லை. நான்தான் அழுதேன். வியாழக்கிழமை எழுதினதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், எனக்கு இது நன்றாக வேண்டும்.

ஐப்பசி 18, செவ்வாய்

தூறல்.

இவரை உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அப்புறம் மடமடவென்று சொன்னார். வலி எடுத்து ஒரு நாள் பார்த்தார்கள். இன்று ஆகிவிடும் என்று மறுநாளும் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக டோலி கட்டியிருக்கிறார்கள். கார்த்திகை மழை. பாதி இறக்கத்தில் ஓடை பெருகி ஓடியிருக்கிறது. வடியட்டும் என்று இக்கரையில் இறக்கி வைத்துக் காத்திருந்தார்கள். அங்கேயே முடிந்துவிட்டது.

அப்புறம் அத்தை அந்தப் பாதையில் இறங்கியதே இல்லையாம். மலைமேலேயே இருக்கிற செம்மேட்டுச் சந்தையைத் தாண்டி எங்கும் போனதில்லை.

இதில் வெண்ணெய் எங்கே வந்தது? கீழே ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்திருந்தால் எத்தனை பெரிய பிள்ளையையும் எடுத்திருப்பார்களே. நேரே போய் அத்தையிடம் அதையே சொன்னேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. கீழே இருந்தவளை மேலே கூட்டி வந்தது யார்? ஒரு பழியை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியதைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டேன். எனக்கு வாய் மட்டும் எட்டூருக்கு.

ராத்திரி அத்தை சாப்பிடவில்லை.

ஐப்பசி 19, புதன்

வீட்டில் மூன்று பேரும் ஊமை மாதிரி நடமாடுகிறோம். பருப்பு அடிப்பிடித்துவிட்டது, அதையும் யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் அத்தை கையை நீட்டினார். உள்ளங்கையில் மாத்திரை, பாக்குவெட்டியால் வெட்டின பாதி. "பாதி போட்டுக்க. மிச்சம் நாளைக்கு."

போட்டுக்கொண்டேன். டாக்டரம்மா முழுசாகத்தான் சொன்னார் என்று சொல்லவில்லை. களி இரண்டு உருண்டை வைத்தார், வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐப்பசி 20, வியாழன்

நல்ல மழை. ஆனால் பிள்ளை இரண்டு முறை புரண்டது. இல்லை, மூன்று. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

சாயங்காலம் பார்த்தால் அத்தை தகரப் பெட்டியை இழுத்துப் போட்டு என் புடவைகளை மடிக்கிறார். கோபித்துக்கொண்டு என்னை அனுப்பிவிடப் போகிறாரோ என்று பக்கென்றது. இவர் வந்ததும் அத்தையே சொன்னார், மழை விட்டதும் டோலிக்கு ஆள் சொல்ல வேண்டும், நாமக்கல்லில் என் மாமா வீட்டில் ஒரு அறை கேட்க வேண்டும், பிள்ளை பிறக்கும்வரை அங்கேதான் என்று. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே, அதற்குள்ளா என்றார் இவர். இன்று ஆகிவிடும் நாளை ஆகிவிடும் என்று ஒருமுறை பார்த்தது போதும் என்றார் அத்தை.

அப்படியானால் கூட யார் இருப்பது, இவர் பள்ளிக்கூடத்தை விட்டு வர முடியாதே என்றேன்.

"நான் வாரேன்."

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணைக் காட்டி அடக்கினேன். சோறு யார் பொங்குவது என்று கேட்க வந்திருப்பார்.

ஐப்பசி 22, சனி

மழை விட்டது. நாளைக்குப் புறப்பாடு, டோலிக்கு நான்கு ஆள். கட்டுச்சோறு: புளிச்சோறு, துவையல். ஓடையில் தண்ணீர் எவ்வளவு இருக்குமோ. அத்தை அங்கே என்ன செய்வாரோ. பாதியில் திரும்பிவிடலாம் என்றால் நான் என்ன சொல்வேன்?

புட்டியை அத்தை தன் மடியிலேயே முடிந்து வைத்திருக்கிறார். இன்று முழு மாத்திரை கொடுத்தார். வெட்டவில்லை.

ஐப்பசி 23, ஞாயிறு

காரவள்ளி அடிவாரம். வண்டிக்குக் காத்திருக்கிறோம். பென்சிலில் எழுதுகிறேன். இடுப்பு விட்டுப் போகிறது.

வழியெல்லாம் வழுக்கல். இவர் முன்னால் தடியோடு. அத்தை டோலிக் கொம்பைப் பிடித்தபடியே நடந்து வந்தார். ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஆட்கள் என்னை இக்கரையில் இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். எனக்கு உயிரே இல்லை. இந்த இடத்திலா இறக்க வேண்டும்? அத்தை என் பக்கத்தில் நின்று அந்தத் தண்ணீரையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, பசிக்கிறதா என்று கேட்டார். பசிக்கிறது என்றேன், நிஜமாகவே பசித்தது. மூட்டையை அங்கேயே அவிழ்த்தார். ஈரப் பாறை மேல் இலை போட்டுப் புளிச்சோறு வைத்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் போதும் என்கிற வரைக்கும் வைத்தார். பாதிச் சோறு இலைக்கு வெளியே சிந்திற்று.

ஆட்கள் வந்து டோலியைத் தூக்கினார்கள். முன்னால் பிடித்திருந்தவன் தோளை மாற்றிக்கொண்டு, விளையாட்டாகத்தான், வாத்தியாரம்மா நல்ல கனமுங்க என்றான். இவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கனமாவே இருக்கட்டும்" என்றார் அத்தை. "நீ காலைப் பாத்து வெச்சு நட."