இருபது உறைகள்

விஜயநகர், மைசூர்
4.2.2025

அன்புள்ள தாரணிக்கு,

போனில் சொன்னால் நீ கத்துவாய் என்றுதான் கடிதம். கண்புரை ஆபரேஷனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மண்டி மொஹல்லாவில் கௌரம்மா என்று ஒருவர், இறந்தவர்களோடு பேசுகிறார். என் வீட்டுக்காரர், உன் மாமா, அவர் வாயால் வந்து, "ஆபரேஷன் பேடா, சொர்ணா" என்று தடுத்தார். அவர் நெஞ்சுவலியில் போனது, மகள் மனிஷாவின் பெயர், எல்லாம் அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? சிரிக்காதே.

உன் அக்கா,
சொர்ணலதா

கொள்ளேகால்
10.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சிரிக்கவில்லை. மாமா வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பால்காரரிடம் "அர்த லீட்டர்" என்பதைத் தாண்டிக் கன்னடம் வராதவர், செத்த பிறகா கற்றுக்கொண்டார்? கார்மென்ட்ஸில் இருபது வருடம் சட்டை செக் பண்ணினவள் நீ. ஒரு சட்டை சரியாக இருந்தால் மொத்த லாட்டையும் பாஸ் பண்ணுவாயா? அடுத்த முறை போனில் பதிவு செய்து கேட்டுப் பார். அதற்குப் பிறகும் நம்பினால் நான் வாய் திறக்க மாட்டேன்.

தாரணி

மைசூர்
27.2.2025

தாரணி,

உன்னைத் தோற்கடிக்கத்தான் பதிவு செய்தேன். வீட்டில் கேட்டால், "நெஞ்சுல ஏதோ பாரம்" என்கிறார் கௌரம்மா. "ஆமாம்மா, ஹார்ட் அட்டாக்!" என்கிறது என் குரல். "ம... ம..." "மனிஷா! எங்க பொண்ணு!" எல்லாம் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்; முதல் தடவையும் இப்படித்தான் நடந்திருக்கும்.

ஆனாலும் அவருக்கு நியாயமாக ஒரு வாய்ப்புத் தர நினைத்தேன். இருபது உறைகள். பத்தில் உன் மாமா படம், பத்தில் வெற்றுத் தாள். ஒட்டிக் கலக்கியது பக்கத்து வீட்டு மீனா. எதில் எது என்று எனக்கே தெரியாது; கௌரம்மா தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே பத்து சரியாக வரும். பதினெட்டு வந்தால் நம்புவது என்று முன்பே எழுதி வைத்தேன். கௌரம்மாவும் சம்மதித்தார்.

வந்தது ஒன்பது! "இவத்து... இன்னிக்கு அவருக்கு மனசு சரி இல்லா. அழறார்" என்றார், வெற்றுத் தாளைத் தொட்டுக்கொண்டு.

"அவர் அழ மாட்டாரும்மா, என்னைத்தான் அழ வைப்பார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பஸ்ஸில் அழுதேன், அது வேறு. வரும் திங்கள்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன்.

சொர்ணலதா

மைசூர்
5.3.2025

என் தங்கமே,

நேற்றுக் கட்டுப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, போகிற பஸ்ஸின் பலகைகளையெல்லாம் சத்தமாகப் படித்தேன். நஞ்சன்கூடு! ஹுன்சூர்! கொள்ளேகால் பஸ் வந்தபோது அப்படியே ஏறி உன்னிடம் வந்துவிடலாம் போலிருந்தது. மனிஷா கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, மெதுவா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டி," என்றேன், "நானும்தான் பாக்கறேன்!"

உன்
அக்கா