குறுக்கே கட்டிய சேலை

அம்மா, சென்றாயன் எழுதுறேன். உன் முட்டி வலி தேவலையா? காரிமங்கலத்துல மழை உண்டா? அப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுறாரா? நான் நல்லா இருக்கேன்.

ஞாயித்துக்கெழமை, கூட வேலை செய்யுற அருள்குமாரும் அவரு சம்சாரமும் ஏரிக்கரைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கனடாக்காரங்க அங்க பழைய பட்டாளக் கோட்டையைப் புதுப்பிச்சு வெச்சிருக்காங்க. சிவில் படிச்ச புத்தி, நான் சுவத்துப் பூச்சையே பார்த்துட்டு இருந்தேன்.

சிப்பாய்ங்க தங்கின கூடத்துல மூலைக் கட்டிலை மறைச்சு ஒரு போர்வை தொங்குச்சு. அந்தக் காலத்துல கல்யாணமான சிப்பாய், அத்தனை பேருக்கு நடுவுல அந்தப் போர்வைக்குப் பின்னாடிதான் பொண்டாட்டியோட குடும்பம் நடத்துனானாம்.

"இவரு விடுற குறட்டைக்கு மொத்தப் பட்டாளமும் ஏரியில குதிச்சிருக்கும்"னு அருள்குமார் சம்சாரம் சொன்னாங்க.

"நீ பேசுற பேச்சுக்கு எதிரியே ஓடியிருப்பான்"னாரு அவரு.

நானும் சிரிச்சேன். ஆனா அவங்க மேல பொறாமையா இருந்துச்சும்மா. எப்பவோ செத்துப்போன அந்தச் சிப்பாய் மேல இன்னும் பொறாமை. இங்க நாலு ஆம்பளைங்க தங்குற ரூமுக்குப் பொண்டாட்டியை எப்படிக் கூட்டிட்டு வர்றது, தனி வூடு கிடைக்கட்டும்னு நானும் கலைமணியும் காத்திருந்தோம். அதுக்குள்ள காய்ச்சல்ல அவ போய்ட்டா. அந்தச் சிப்பாய்க்கு ஒரு போர்வை போதுமா இருந்திருக்கு.

கல்யாணமான புதுசுல, நம்ம ஒத்தை ரூம் வூட்டுல எங்களுக்குன்னு நீ குறுக்கே கட்டி விட்டியே ஒரு பச்சைச் சேலை, அது இருக்குதா? கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல, அனுப்பி வை. இங்க ஜன்னலுக்குத் திரை இல்ல, காலை வெயில் மூஞ்சில அடிக்குது.

ஷிப்டுக்கு நேரமாச்சு. சேலையைத் துவைக்காம அனுப்பும்மா.

சென்றாயன்