கோலாகாத பந்துகள்

அண்ணா,

மழை விட்டு இரண்டு நாளாக வெயில் அடிக்கிறது. அம்மா உன் கையுறைகளை எடுத்துக் கொல்லைக் கொடியில் மாட்டியிருக்கிறாள். போட்டுக்கொள்ள ஆளில்லை, இருந்தாலும் பூசணம் பிடித்துவிடக் கூடாதாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த வாடை வந்தது. ஈர ரப்பர், வேர்வை, தைலம். பாடப் புத்தகத்தை மூடிவிட்டு இதை எழுதுகிறேன்.

உனக்கு வேலை கொடுத்த அலுவலகத்தின் கால்பந்து அணிக்கு நீ கோல்கீப்பராகப் போனபோது நான் எட்டாம் வகுப்பு. வேலை தற்காலிகம்தான். லீக் ஆட்டங்கள் முடிந்ததும் ஒவ்வொருவரின் கணக்கையும் பார்த்து நிரந்தரமாக்குவார்கள் என்று சொன்னாய். அப்பா ஓய்வு பெறப்போகிற நேரம். எங்கள் எல்லோருடைய நம்பிக்கையும் அந்த வேலையில்தான் இருந்தது.

முன்னால் ஆடுகிறவர்களுக்குப் போட்ட கோல் கணக்கு. உனக்கு வாங்கிய கோல் கணக்கு. கோல்கீப்பரிடம் மட்டும் ஏன் தவறியதை எண்ணுகிறார்கள்? எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால் உன் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, நீ தடுக்கிற பந்துகளை விரல் கணுக்களில் எண்ண ஆரம்பித்தேன்.

உனக்கு முன்னால் நின்று எதிரணியை மறிக்கும் ஸ்டாப்பர் பேக் அண்ணன் ஒருநாள் பார்த்துவிட்டார். "இன்னா தங்கச்சி, வாய்ப்பாடு படிச்சுகினு கீறியா?"

"நான் புடிக்கிறதை எண்றாளாம்," என்றாய் நீ. "நீ வுடுறதை எண்ணச் சொல்றேன் இரு. அவளுக்கு வெரல் பத்தாது."

தாம்பரம் திரும்பும் மின்சார ரயிலில் எண்ணிக்கையைச் சொல்வேன். எத்தனை சொன்னாலும், "அவ்ளோதானா?" என்பாய்.

கடைசி லீக் ஆட்டம் கொட்டும் மழையில் நடந்தது. மைதானம் சேறு. ஸ்டாப்பர் பேக் அண்ணனுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. எதிரணி அவரைத் தாண்டித் தாண்டி வந்தது. மோசமாகத் தோற்றோம். நீ உடை மாற்றப் போனதும், அணிப் பொறுப்பாளரிடம் நானே போய் நின்றேன்.

"சார், எங்க அண்ணன் விட்டதைவிடத் தடுத்தது ரொம்ப ஜாஸ்தி. நான் எண்ணினேன்."

அவர் குடையை மடக்கினார். "தடுக்கிறதுக்குத்தானேம்மா அவனை நிறுத்தியிருக்கோம்? அதைப் போய் யாராவது எண்ணுவாங்களா?" அன்பாகத்தான் சொன்னார்.

அன்று ரயிலில் நீ எண்ணிக்கை கேட்கவில்லை. பொறுப்பாளர் சொன்னதை உன்னிடம் சொன்னேன். பல்லாவரம் தாண்டியதும், "அவர் சொன்னது சரிதான் விடு," என்றாய்.

வேலை போயிற்று. அதன்பின் கூப்பிடுகிற அணிக்கெல்லாம் ஒருநாள் போட்டிகளில் நின்றாய். "இங்கே யாரும் கணக்குப் பார்க்க மாட்டாங்க, நிம்மதி," என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படிப் போன மாடம்பாக்கத்துத் திடல் பாறை போல இருந்தது. ஒரு கோல் முன்னிலை. ஆட்டம் முடியும் நேரம். எதிரணிக்காரன் தனியாகப் பந்தோடு வந்தான். நீ அவன் காலடியில் பாய்ந்தாய். பந்து உன் கையில்; அவன் பூட்ஸ் உன் நெற்றிப்பொட்டில். எழுந்து, பந்தை உதைத்து அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்து, "எண்ணிட்டியா?" என்றாய். வருகிற வழியில் செம்பாக்கம் ஏரிக்கரையில் வாந்தி எடுத்தாய். வெயில் என்றாய். தலைவலி என்று படுத்தாய். காலையில் அம்மா காபி எடுத்துக்கொண்டு வந்து எழுப்பினாள். நீ எழவில்லை.

உன் பழைய அணியின் அடுத்த ஆட்டத்துக்கு முன் எல்லோரும் மௌனமாக நின்றார்கள். பொறுப்பாளர் ஒலிபெருக்கியில் உன்னைப் பற்றி வாசித்தார். ஆடிய ஆட்டங்கள் இத்தனை, வாங்கிய கோல்கள் இத்தனை, நல்ல பையன். அவரைக் குறை சொல்ல முடியாது அண்ணா. அவர்களிடம் இருந்தது அவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்கியது. உன் இடத்தில் புதிதாக ஒருவர். அவரைப் பார்க்கவே கூடாது என்றிருந்தேன். முதல் பந்தை அவர் விரல் நுனியால் வெளியே தட்டிவிட்டார். யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் அதற்குள் கார்னர் கிக்குக்காக மூலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். என் கட்டைவிரல் மட்டும் தானாகச் சுண்டுவிரலின் முதல் கணுவுக்குப் போயிற்று.

முடியும்வரை எண்ணினேன். ரயிலில் கட்டைவிரலைக் கடைசியாக எண்ணிய கணுவிலிருந்து எடுக்காமல் தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தேன். "அவ்ளோதானா?" என்று யாரும் கேட்கவில்லை.