நீதிபதி வீட்டில் ஒரு விண்ணப்பம்

மார்ச் 4, செவ்வாய்

காலை வகுப்புக்கு வந்த பெண்மணி நிறுத்தச் சொன்னால் வண்டியைக் கிளப்புகிறார், கிளப்பச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறார். என் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் மரத்துவிட்டது. பதினாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். சாமி கும்பிடாதவனைக்கூட இந்தத் தொழில் கும்பிட வைத்துவிடும்.

வீட்டுக்கு வந்தால் டிவி முன்னால் ஒரு தடித்த உறை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் உதவித்தொகைக்கான ஃபாரம். மனைவி வேலை பார்க்கும் மருந்துக்கடையில் யாரோ சொல்லி, அவளே அலைந்து வாங்கி வந்திருக்கிறாள். கிடைத்தால் மகளின் பேச்சுப் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. சனிக்கிழமைகளில் நான் ஊரார் பிள்ளைகளுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித்தராமல் வீட்டில் இருக்கலாம்.

"நீங்கதான் நல்லா எழுதுவீங்க" என்றாள். இப்படிச் சொன்னால் நான் எதையும் செய்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

மகளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எட்டு வயது. வீட்டில் பெயர் நீதிபதி. பெயர் வந்த கதை: ஐந்து வயது வரை அவள் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வரவில்லை. ஒருநாள் சோபாவில் சாய்ந்தபடி ஒரு மாணவரிடம் போனில், "இதோ வந்துக்கிட்டே இருக்கேன் சார்" என்றேன். கீழே தரையில் பொத்தான்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "தப்பு. உக்காந்திருக்கே."

முதல் வாக்கியம்! நான் போனைக் கீழே போட்டுவிட்டு ஆடினேன். அந்த மாணவர் வேறு டிரைவிங் பள்ளிக்குப் போய்விட்டார்.

சரி, ஃபாரத்துக்கு வருவோம். குழந்தையால் தானாக உடை உடுத்த முடியுமா? முடியும். தானாகச் சாப்பிட முடியுமா? முடியும். மற்றவர்களோடு பழக முடியுமா? பொய் பேசாதவர்களோடு பழகுவாள். கூடுதல் விவரம் என்று ஒரு பெரிய கட்டம் இருந்தது. ஊரில் உள்ள அத்தனை பேருந்து எண்களும் அவளுக்கு மனப்பாடம் என்பதை அதில் விரிவாக எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

மனைவி படித்துப் பார்த்தாள். "வேலைக்கு விண்ணப்பம் போடற மாதிரி எழுதியிருக்கீங்க. இவளை அங்க மேனேஜரா சேக்கணுமா?"

"உள்ளதைத்தானே எழுதினேன்?"

"தானா உடுத்துவாளா? லேபிளை வெட்டி, சட்டையை உள்வெளியா திருப்பி, காலரை நனைச்சு மெதுவாக்கி, காலைல நான் படற பாட்டுக்கு என்ன பேரு?"

அதெல்லாம் சின்ன விஷயம், டாக்டர் சான்றிதழ் இருக்கிறதல்லவா என்றேன். அவள் பதில் பேசவில்லை. பதில் பேசாவிட்டால் நான் ஜெயித்ததாக அர்த்தமில்லை என்பது இத்தனை வருடத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

தபாலில் சேர்த்தாயிற்று. கையெழுத்து நன்றாக இருந்தது.

ஏப்ரல் 16, புதன்

நிராகரித்துவிட்டார்கள்.

'தங்கள் குழந்தை அன்றாடச் செயல்களைச் சுயமாகச் செய்வதாகத் தாங்களே குறிப்பிட்டுள்ளபடியால்...'

தாங்களே. அந்த 'ஏ'காரம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. மனைவி கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். திட்டினால்கூடத் தேவலை. "மறுபடி கேக்கலாமாம். நேர்ல கூப்பிட்டு விசாரிப்பாங்களாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் அடுத்த மாதம் முதல் வர முடியாது என்று எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 20, ஞாயிறு

மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி, பழைய கார் வாங்கி விற்பவன். நிராகரித்த கடிதத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா, உங்களை மாதிரி ஒரு ஆளை நான் வேலைக்கு வெச்சா ஒரு வண்டி விக்க முடியாது. இந்த இடத்துல கீறல், அந்த இடத்துல ஒட்டுன்னு வாங்க வர்றவன்கிட்ட நீங்களே சொல்லிடுவீங்க."

"நான் தலைகீழாத்தானே செஞ்சிருக்கேன்? கீறலே இல்லன்னு சொல்லிட்டேனே."

"அதான். எங்க எதைச் சொல்லணும்னு தெரியல. பேனாவை எடுங்க. நான் சொல்றதை எழுதுங்க. பேச்சு அறவே கிடையாது. யாரையும் அடையாளம் தெரியாது..."

சத்தியமாகச் சொல்கிறேன், பேனாவை எடுத்தேன். இரண்டு வரி எழுதியும்விட்டேன். சாப்பாட்டு மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. அது அவளுடைய இடம்.

"தப்பு. பேசறேன்."

மைத்துனன் குனிந்தான். "கண்ணு, இது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"மாமாவையும் அடையாளம் தெரியும். மாமா பழைய கார்ல மீட்டரைப் பின்னால திருப்புவாரு. போன்ல சொன்னாரு."

முகத்தில் ஈயாடவில்லை அவனுக்கு. மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள். "என்னடா சொல்றா இவ?"

"இல்லக்கா, அது... ஒரே ஒரு வண்டிக்கு..."

"தப்பு. ரெண்டு."

மைத்துனன் சாப்பிடாமலே கிளம்பிவிட்டான். நான் எழுதிய இரண்டு வரியையும் கிழித்துப் போட்டேன். சிரிப்பு நிற்கவே இல்லை. பிறகு நின்றுவிட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

வகுப்புக்கு வர வேண்டியவர் வரவில்லை. காரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏன் எழுத முடியவில்லை என்னால்? பெருமைக்காக மட்டும் இல்லை.

போன நவம்பரில் கடைத்தெருவுக்கு அவளை அழைத்துப் போனேனே, அந்த நாள். அங்கே ஒரு பெரிய கடையின் கழிப்பறைப் பக்கம் கையை உலர்த்தும் மெஷினை யாரோ போட்டார்கள். அவ்வளவுதான். என் கையைக் கடித்தாள், பிடியை விட்டாள், கடைக்கு வெளியே ஓடினாள், நேரா ரோட்டுக்கு. நாள் முழுக்க என் காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்கு. யாரு தப்புப் பண்ணினாலும் மிதிச்சா வண்டி நின்னுடும். அன்னைக்கு பிளாட்பாரத்துல நின்னு தரையை மிதிச்சேன். நிஜமாவே மிதிச்சேன். ஒரு லாரி எப்படியோ நின்னுது. அவளை நிறுத்த எங்கிட்ட பிரேக்கே இல்ல.

கூட்டம் கூடியது. "பிள்ளையை வளர்க்கத் தெரியல" என்று ஒருவர். கடித்த இடம் தெரியாமலிருக்க மாசக்கணக்கில் முழுக்கைச் சட்டை போட்டேன். மாணவர்கள் நான் ஸ்டைலாகிவிட்டதாக நினைத்தார்கள்.

இதை எழுதினால் அவளைக் காட்டிக்கொடுப்பது போல இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையின் மோசமான நாளை எடுத்து, முத்திரை குத்துகிறவர்களிடம் நீட்டுவதா? அவள் இல்லாத இடத்தில் அவளைப் பற்றிக் கோள் சொல்வதா?

ஆனால் எழுதாவிட்டால்?

ஏப்ரல் 27, ஞாயிறு

எழுதிவிட்டேன். எழுதியதை மனைவிக்குப் படித்துக்காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். நீதிபதி தூங்குகிறாள் என்று நினைத்தோம்.

"கை உலர்த்தும் மெஷின் சத்தத்தால் பயந்து..."

"தப்பு."

மேஜைக்கு அடியில். எப்போது வந்தாள்?

"பயம் இல்ல. வலி."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் தரையில் உட்கார்ந்தேன். மேஜைக்கு அடியில் பார்க்கவில்லை, பார்த்துக்கொண்டே கேட்டால் பதில் வராது. மேஜைக் காலைப் பார்த்துக் கேட்டேன். "எங்கம்மா வலிக்கும்?"

"காதுல ஆரம்பிக்கும். பல்லுல முடியும்."

எழுதிக்கொண்டேன். "அப்புறம் ஏன் ரோட்டுக்கு ஓடினே?"

"ரோட்டுக்கு ஓடல. சத்தத்துலேந்து ஓடினேன். ரோடு நடுவுல வந்துச்சு."

 இத்தனை வருடமாக டாக்டர், டீச்சர், அக்கம்பக்கம் என்று அத்தனை பேரிடமும் இவளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். இவளிடம் கேட்கத் தோன்றவில்லை பாரு.

மனைவிதான் கேட்டாள். "இதையெல்லாம் ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு எழுதலாமாடா தங்கம்? உனக்குப் பரவாயில்லையா?"

மேஜைக்கு அடியிலிருந்து குரல்: "உண்மைதானே?"

"ஆமா."

"அப்ப எழுது. அப்பாவைக் கடிச்சேன்னும் எழுது. அது விட்டுப்போச்சு."

விட்டுப்போகவில்லை. விட்டுவிட்டேன். எழுதிச் சேர்த்தேன். மனைவி எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, "சட்டைக் கதையையும் எழுதுங்க" என்றாள். காலர் நனைப்பது முதல் எல்லாம் எழுதினோம். பேருந்து எண்களை எடுத்துவிடலாம் என்றேன். நீதிபதி சம்மதிக்கவில்லை. அதுவும் உண்மையாம். இருக்கட்டும்.

ஜூன் 7, சனி

நேரில் வரச்சொல்லிக் கடிதம். அடுத்த புதன். கடைசி வகுப்பு முடிந்ததும் மூவரும் அந்த அலுவலகம் வரை காரில் போய், வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். புதனுக்குள் இன்னும் இரண்டு தடவை போக வேண்டும். அன்றைக்கு நடக்கப்போவதை மகளுக்கு முன்கூட்டியே மனைவி படம் போட்டுக் காட்டியிருக்கிறாள்: கதவு, படி, நாற்காலி, கேள்வி கேட்பவர். கேள்வி கேட்பவருக்கு மீசை வரைந்துவிட்டாள். பெண்ணாக இருந்தால் என்ன செய்வது என்று இப்போது மீசை இல்லாமல் இன்னொரு படம்.

ஜூன் 11, புதன்

மீசை இல்லை. கண்ணாடி போட்ட அதிகாரி அம்மா. நல்ல மாதிரி, ஆனால் பிடி கொடுக்காத முகம்.

எல்லாப் பெற்றோரும் வெளியிடத்தில் பிள்ளை சமர்த்தாக இருக்க வேண்டுமே என்று வேண்டுவார்கள். நான், அடப்பாவி நான், இன்று ஒரு சின்ன ரகளையாவது செய்யம்மா என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அவளோ நாற்காலியில் தங்கச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் தொடைக்கு அடியில்.

"உன் பேரு என்னம்மா?"

"உங்க பேப்பர்ல இருக்கு."

அதிகாரி அம்மா சிரித்தார். "ரொம்பத் தெளிவாப் பேசறாளே சார். அமைதியாவும் இருக்கா."

 பழைய புத்தி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆமாம் மேடம், கெட்டிக்காரி, ஊரில் உள்ள அத்தனை பேருந்தும்... நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மேடம், இந்த அமைதி சும்மா வரல. வாசலைப் பாக்கறதுக்கே மூணு தடவை வந்தோம். படம் போட்டுக் காட்டினோம். காலைலேந்து இவ ஒண்ணும் சாப்பிடல. இங்கேந்து போனப்புறம் என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும்." ஆரம்பித்தது ஆரம்பித்ததுதான், நிறுத்தத் தெரியவில்லை. காலர், மெஷின், லாரி, என் கை. மனைவி இடையிடையே நான் விட்டதை எடுத்துக் கொடுத்தாள். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்போது நீதிபதி சொன்னாள்: "லைட் கத்துது. நான் பொறுத்துக்கிட்டிருக்கேன்."

அதிகாரி அம்மா பேனாவை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். ட்யூப்லைட். காதைச் சாய்த்துக் கேட்டார். அவருக்கு ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கும் கேட்கவில்லை. "எப்பலேந்தும்மா?"

"வந்ததுலேந்து."

அவர் எழுந்து போய் விளக்கை அணைத்தார். திரைச்சீலையை விலக்கிவிட்டு, மீதியை ஜன்னல் வெளிச்சத்தில் எழுதினார். தொடைக்கு அடியிலிருந்து ஒரு கை மெதுவாக வெளியே வந்தது. பிறகு இன்னொன்று.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அழுகை. மேஜைக்கு அடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு இருட்டும் வரை அழுகை. நாங்களும் பக்கத்தில் தரையிலேயே கிடந்தோம்.

ஜூன் 12, வியாழன்

அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. நானும் போகவில்லை.

ஜூலை 3, வியாழன்

கிடைத்துவிட்டது!

மருந்துக்கடைக்குப் போன் செய்தேன்.  "கடையில ஆள் இருக்காங்க, அழ முடியாது, வைங்க" என்றாள்.

கூடவே இன்னொரு ஃபாரம். வரியில் சலுகை உண்டாம். குழந்தையை முக்கியமாகக் கவனித்துக்கொள்பவர் ஒருவர் பெயரை மட்டும் எழுத வேண்டுமாம். நீ என்றேன். நீங்க என்றாள். உன் பாடு எனக்குத் தெரியாதா என்றேன். வரி கட்டறது நீங்கதானே என்றாள். கல்யாணமான புதிதில்கூட இப்படி விட்டுக்கொடுத்ததில்லை. கடைசியில் மேஜைக்கு அடியில் வழக்குப் போனது.

"உன்னைப் பாத்துக்கறது யாரு?"

"காலைல அம்மா. கார்ல அப்பா. ராத்திரி ஒருத்தரும் இல்ல, நான் தூங்கிடுவேன்."

நாளைக்கு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று மூடி வைத்தோம்.

ஜூலை 9, புதன்

மனைவி பெயரைத்தான் எழுதினேன். சண்டை போட்டாள். தபாலில் சேர்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 9, சனி

சனிக்கிழமை வகுப்புகளை விட்டாயிற்று. பேச்சுப் பயிற்சி டீச்சர் சொன்னதால் காலையில் கூட்டம் வருவதற்கு முன் நீச்சல் குளத்துக்கு அவளை அழைத்துப் போனேன். இடுப்பளவு ஆழமுள்ள சின்னக் குளம். தண்ணீரில் இறங்க வெகுநேரம் ஆயிற்று. நான் கரையில் செருப்போடு உட்கார்ந்து, அவசரமே இல்லாதவன் மாதிரி நடித்தேன். நடிக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. நிஜமாகவே அவசரம் இல்லையோ என்னவோ.

இறங்கினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினாள். நான் பாதி எழுந்துவிட்டேன். மேலே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, உள்ள ஒரு சத்தமும் இல்ல. நீயும் வா."

மாற்று உடை கொண்டுபோகவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் கழற்றி வைத்தேன்.