மலைக்கோயிலில் மாப்பிள்ளையைக் கண்டேன்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. உன் இடது காதுக்கு வைத்த கருவி பழகிவிட்டதா? குளிரில் வலிக்கிறது என்றாயே, அலட்சியமாக விடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை தையற்கூடத்துப் பெண்களோடு மலைமேல் இருக்கும் பழைய புத்தர் கோயிலுக்குப் போயிருந்தேன். முழங்கால் வலியைச் சொல்லி வரமாட்டேன் என்றேன், மேற்பார்வையாளரம்மா விடவில்லை. பாறையைக் குடைந்த குகைக்குள் நீளப் படுத்திருக்கிறார் புத்தர். கூடப்பிறந்த அண்ணனைக் கொன்று பட்டத்துக்கு வந்த ஓர் அரசன், தூக்கம் பிடிக்காமல், பாவம் தீரட்டும் என்று கட்டியதாம். ஆயிரம் ஆண்டுக்கும் மேல் ஆகிறது. அவன் மண்டியிட்டு அழுவதைச் சுவரில் வரைந்திருக்கிறார்கள். அண்ணனின் பெண்டாட்டி பிள்ளைகளைத் தேடிப் பார்த்தேன். அவர்களை யாரும் வரையவில்லை.

இந்தக் கதையையெல்லாம் எங்களுக்குச் சொன்னது ஓர் இளம் துறவி. இருட்டில் அந்தக் குரலை எங்கோ கேட்டதுபோல் இருந்தது. வெளியே வந்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன். உன் வீட்டுக்காரன்! உன் காதில் அறைந்த வழக்கில் ஜாமீனில் வந்து ஓடிப்போனவன், தலையை மழித்துக்கொண்டு கருணையைப் பற்றிப் பேசுகிறான்.

கூட்டம் கலைந்ததும் எதிரே போய் நின்றேன். வெளுத்துப்போனான். “அத்தை, நான் இப்ப பழைய ஆள் இல்ல. எல்லாத்தையும் விட்டுட்டேன்” என்றான். “நீ விட்டுட்டே. எம் பொண்ணுக்குக் காது கேக்குதா?” என்றேன். காலில் விழ வந்தான். நகர்ந்துகொண்டேன்.

நேரே தலைமைத் துறவியிடம் போய்ச் சொன்னேன். வழக்கு இருக்கிறவர்களைச் சேர்ப்பதில்லை, புத்தர் காலத்திலிருந்தே அதுதான் விதி என்றார். இவன் பொய் சொல்லிச் சேர்ந்திருக்கிறான். கூப்பிட்டுக் கேட்டபோது ஒப்புக்கொண்டான். “துணிய மாத்திக்கிட்டு போலீசுக்குப் போப்பா. தண்டனைய முடிச்சிட்டு வா, அப்பவும் மனசு இருந்தா பேசலாம்” என்றார் பெரியவர். பழைய சட்டையும் மொட்டைத்தலையுமாக அவன், பெரியவர் சொல்லியனுப்பி வந்த போலீஸ் வண்டியில் ஏறியதைக் கொளுத்தும் வெயிலில் நின்று கடைசிவரை பார்த்தேன். கோயிலில் வைத்து இப்படியா என்று கூட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். எனக்கு மனம் குளிர்ந்தது. பாவமென்றால் அது என் கணக்கிலேயே இருக்கட்டும்.

அடுத்த மாதம் விசாரணை. நீ நேரில் வந்து சொன்னால்தான் அவன் உள்ளே இருப்பான் என்கிறார் வக்கீல். போனது போகட்டும் என்று முன்பு போனில் சொன்னாய். உனக்கு மன்னிக்கத் தோன்றினால் மன்னித்துக்கொள், கண்ணே, நான் தடுக்கமாட்டேன். ஆனால் கூண்டில் ஏறி, நடந்ததை அவன் முகத்தைப் பார்த்துச் சொல். அப்புறம் மன்னி.

உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. வா, பாப்பா.

நீ நிமிர்ந்து நடந்து நூறாண்டு இருக்க வேண்டும்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
அம்மா