பெரிய தண்ணிக்கு அக்கரையில்

பிரியமுள்ளவளே,

பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டுக்குக் கூரை மாற்றுகிறார்கள். நேற்று மத்தியானம் மானாப் புல்லைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார்கள். இறக்கிய கையோடு மழை பிடித்துக்கொண்டது. நான் நான்காம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். நனைந்த புல்லின் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ஏழெட்டு எவ்வளவு என்று ஒரு பிள்ளை கேட்டாள். கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலுக்குக் கீழே கல் அசைவது போல் இருந்தது.

நீ போய் இந்தப் பங்குனியோடு மூன்று வருஷம் ஆகிறது. உன்னோடு பேசவேண்டிய ஒன்றை இத்தனை நாளும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நேற்று அந்த வாசனை வந்த பிறகு இனித் தள்ள முடியாது என்று தெரிந்துவிட்டது.

நாம் இருவரும் ஒரே வருஷத்தில்தான் பதுளை மிஷன் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினிகளாகச் சேர்ந்தோம். தங்கும் அறையில் உன் பாயும் என் பாயும் அடுத்தடுத்து இருந்தன. உன் அப்பா தோட்டம் தோட்டமாக நடந்து ஜெபம் நடத்தும் உபதேசியார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மலைப்பாதையெல்லாம் நடந்து வளர்ந்தவள் நீ. எங்கேயாவது தண்ணீர்ச் சத்தம் கேட்டால் உனக்குக் கால் நிற்காது. நானோ ஏழு வயதில், தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் எங்கள் லயத்துக்குக் கீழே ஓடிய ஆறு அடித்துப் போன ஒரு மனிதரை மூன்றாம் நாள் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்ததைப் பார்த்தவள். அந்தக் கம்பளிக்கு வெளியே தெரிந்த ஒரு காலை இன்னும் மறக்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு மேலே வந்தால் எனக்கு மூச்சு அடைக்கும்.

பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா பெரிய பிள்ளைகளைத் துன்ஹிந்த அருவிக்கு அழைத்துப்போன நாள் உனக்கு நினைவிருக்கும். நீ பிள்ளைகளோடு பாறை விளிம்பு வரைக்கும் போனாய். நான் எல்லாருடைய சாப்பாட்டு மூட்டைகளையும் காவல் காக்கிறேன் என்று சொல்லிப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்தபோது உன் முகமெல்லாம் சாரல். என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நாள் உன்னைக் கிட்டக் கொண்டுபோகாமல் விடமாட்டேன் என்றாய். நான் சிரித்தேன். உள்ளுக்குள் அந்த நாள் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்த சித்திரை விடுமுறைக்கு என்னை உங்கள் வீட்டுக்கு அழைத்தாய். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு மேலே, தேயிலை முடிந்து மானாப் புல் தொடங்குகிற இடத்தில் உங்கள் வீடு. அடுப்படியில் நின்றால் பள்ளத்தாக்கிலிருந்து ஓயாமல் ஓர் இரைச்சல் கேட்கும். லயத்து ஆட்கள் அந்த அருவிக்குப் பெயர் வைக்கவில்லை. பெரிய தண்ணி என்றே சொல்வார்கள். நீயும் அதை மேலே இருந்து பார்த்ததோடு சரி, அடிக்குப் போனதில்லை.

இரண்டு நாள் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு தூங்க முடியாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் காலையில் நீ சொன்னாய்:

“தூரத்துல இருந்து கேட்டா பயமாத்தான் இருக்கும். கிட்டப் போனா அது வெறும் தண்ணிதான் புள்ள.”

துணைக்கு மருதாயியை அழைத்துக்கொண்டோம். துரை பங்களாவின் மாட்டுப்பட்டிக்குப் புல் அறுக்கிறவள், நாற்பது வயது இருக்கும், அந்தக் காட்டில் அவள் கால் படாத இடம் கிடையாது. வருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். உச்சிப் பொழுதுக்குள் ஆற்றைத் தாண்டித் திரும்பிவிட வேண்டும். மலைக்கு மேலே மழை பிடித்தால் கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியாது என்றாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் எலுமிச்சையும் உப்பும் தேய்த்துக்கொண்டு இறங்கினோம். மானாப் புல் தோளுக்கு மேலே நின்றது. முன்னே போகும் உன் தலை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நீ ஒரு வளைவில் மறைந்தால் ஓடிவந்து ஒட்டிக்கொள்வேன். புல் முடிந்து காடு தொடங்கிய இடத்தில் மருதாயி நின்று ஒரு மரத்தைத் தடவிப் பார்த்தாள். ஆள் உயரத்தில் பட்டை நீள நீளமாகக் கிழிந்திருந்தது. புலியா என்று நீ கேட்டாய். பழசு என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். அதன்பிறகு நான் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் ஏதாவது நிற்கும் என்று பயம்.

ஆறு வந்தது. குறுக்கே கற்கள் கிடந்தன. பதினோரு கற்கள். ஒவ்வொன்றுக்கும் நீ என் கையைப் பிடித்து, கல்லை மட்டும் பார், தண்ணீரைப் பார்க்காதே என்று சொல்லிச் சொல்லி என்னை அக்கரை சேர்த்தாய்.

அருவியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை அன்று உன்னிடம் சொல்லவில்லை. அந்தப் பாறைத் திட்டில் நின்று தலையை நிமிர்த்தி, அவ்வளவு உயரத்திலிருந்து வெள்ளையாக இறங்குவதைப் பார்த்த சிறிது நேரம் எனக்குப் பயம் இல்லை. சாரல் பட்டு உதடு குளிர்ந்தது. நீ என்னைப் பார்த்து ஏதோ கத்தினாய், காதில் விழவில்லை. நானும் பதிலுக்குக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

மருதாயிதான் முதலில் கவனித்தாள். அவள் அருவியைப் பார்க்கவில்லை, ஓரத்தில் குந்தி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து உன் தோளைத் தொட்டாள்.

“தண்ணி செவக்குதுங்க. கெளம்புங்க.”

நம் தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மலை உச்சி மட்டும் கறுத்திருந்தது. ஆற்றில் பச்சை இலைகள் கொத்துக் கொத்தாக வந்தன. மண் வாடை அடித்தது. அருவியின் சத்தம் தடித்துப்போனது போல் எனக்குப் பட்டது. மருதாயி முன்னே போய்க் கற்களை மிதித்துப் பார்த்துக்கொண்டே அக்கரை ஏறினாள். இரண்டாவதாக நீ இறங்கினாய். என் கை உன் கையில் இருந்தது. முதல் கல்லில் கால் வைத்தேன். அது லேசாக ஆடியது. அவ்வளவுதான். உன் கையை உதறிவிட்டுப் பின்னால் போய்ப் பாறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ அப்போது இரண்டாவது கல்லில் இருந்தாய். இன்னும் ஒன்பது கல் தாண்டினால் கரை. மருதாயி அங்கிருந்து வா வா என்று கையை வீசினாள். நீ அவளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். திரும்பி வந்தாய்.

வந்து என்னைக் கெஞ்சினாய். இழுத்தாய். கன்னத்தில் ஓர் அறைகூடக் கொடுத்தாய். என் விரல்கள் பாறையை விட்டு வரவில்லை. உடம்பு எனக்குச் சொந்தமானதாகவே இல்லை. நான் எழுந்திருந்தால் போதும், நாம் இருவரும் தப்பியிருப்போம். அதற்கு நேரம் இருந்தது. அந்த நேரம் முழுவதையும் நான் உட்கார்ந்தே கழித்தேன்.

பிறகு வெள்ளம் வந்தது. மேலே இருந்து முதலில் கல் உருளும் ஓசைதான் கேட்டது. அடுத்த மூச்சில் பதினோரு கற்களில் ஒன்றுகூடத் தெரியவில்லை. மருதாயி தலையில் அடித்துக்கொண்டு மேட்டில் ஏறி ஓடுவது தெரிந்தது. நமக்குப் பின்னால் ஏறவே முடியாத செங்குத்துப் பாறை. நாம் நின்ற திட்டுக்குத் தண்ணீர் ஏறியது. கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால். நீ என் முந்தானையை உன் முந்தானையோடு முடிந்து, பாறை இடுக்கிலிருந்து தொங்கிய ஒரு வேரில் இறுக்கிக் கட்டினாய். என்னைச் சுவரோடு ஒட்ட நிறுத்தி, எனக்கு முன்னால் தண்ணீரைத் தடுக்கிறது போல் நின்றாய். நான் சத்தம் போட்டு ஜெபம் செய்தேன். நீ செய்யவில்லை. வருகிற கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இரண்டைக் காலால் தள்ளிவிட்டாய். மூன்றாவது பெரிய மரம். அது உன் காலில் மோதிய சத்தம் அந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்டது.

நீ விழவில்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாய். உன் பல் என் ரவிக்கையைக் கடித்திருந்தது.

வந்த வேகத்திலேயே வெள்ளம் வடிந்தது. பொழுது சாய்வதற்குள் மருதாயி ஆட்களோடும் கயிற்றோடும் வந்துவிட்டாள். உன்னைக் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டித் தூக்கினார்கள். கம்பளிக்கு வெளியே உன் கால் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்ததுதான். நான் பேச வந்தது அதற்கு அடுத்த மாதம் நடந்ததை.

பள்ளிக்கூடத்து ஆபீஸ் அறையில் விசாரணை வைத்தார்கள். மிஸ்ஸியம்மா, பாதிரியார், சபை மூப்பர் ஒருவர். நீ கட்டுப்போட்ட காலோடு நாற்காலியில், நான் பக்கத்தில் நின்றுகொண்டு. புல் அறுக்கிறவளை யாரும் கூப்பிடவில்லை. கலியாணமாகாத இரண்டு உபாத்தியாயினிகள் காட்டுக்குள் போனது எப்படி என்று முதலில் கேட்டார்கள். நான்தான் கூட்டிட்டுப் போனேனுங்க என்றாய். அடுத்ததாகப் பாதிரியார் என்னைப் பார்த்தார். எச்சரிக்கை செய்த பிறகும் வேடிக்கை பார்த்துக்கொண்டு தாமதித்தவள் இவள்தானா என்று உன்னைக் காட்டிக் கேட்டார்.

என் அம்மா அப்போது லயத்தில் இருமிக்கொண்டு கிடந்தாள். எனக்கு வேலை போனால் இருவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான். அது ஒரு பயம். வெள்ளைக்காரி முகத்தில் வரப்போகிற கோபம் ஒரு பயம். இவள் கோழை என்று மூன்று பேரும் தெரிந்துகொள்வார்களே என்பதுதான் எல்லாவற்றிலும் பெரியது. நான் தலையைக் குனிந்தேன். அதை ஆமாம் என்று எழுதிக்கொண்டார்கள்.

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். மறுத்துப் பேசுவாய் என்று காத்திருந்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

உன்னை மடுல்சீமைக்கு அனுப்பினார்கள். ஒரு தோட்டத்தின் கோடியில் தகரம் போட்ட ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். நீ புறப்பட்ட காலையில் வண்டியடிக்குக்கூட நான் வரவில்லை. தலைவலி என்று பாயில் சுருண்டு கிடந்தேன்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்கு வரத் தைரியம் வந்தது. பசறை வரைக்கும் மாட்டுவண்டி, அப்புறம் நடை. உங்கள் தோட்டத்துக்கு முன்னால் ஓர் ஓடையும் அதன்மேல் ஒற்றை மரப்பாலமும் இருந்தன. பக்கத்தில் யாரும் இல்லாததால் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்தே தாண்டினேன். நீ வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். என் சேலையில் இருந்த பாசியைப் பார்த்ததுமே எப்படி வந்தேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். சொம்பில் தண்ணீர் கொடுத்தாய். எழுந்து நடந்தபோதுதான் உன் கால் கோணலாகப் பொருந்தியிருப்பதைப் பார்த்தேன்.

வழியெல்லாம் கோர்த்துவைத்த வார்த்தைகளைச் சொன்னேன். பயத்தில் செய்துவிட்டேன், அன்றைக்குப் பாறையை விட்டுக் கை வராத மாதிரியே அந்த அறையில் வாய் வரவில்லை, மன்னித்துவிடு என்று அழுதேன். நீ கீரையை ஆய்ந்து முடித்தாய். தண்டுகளை ஒதுக்கினாய். அதற்குப் பிறகுதான் பேசினாய்.

“ஆத்துல நீ பயந்ததுக்கு நான் ஒண்ணும் நெனைக்கல. பயந்தவன்னு தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போனேன். ஆனா அந்த ரூமுல தண்ணி இல்லையே புள்ள.”

மன்னித்தேன் என்று நீ சொல்லவில்லை. சோறு போட்டாய், கீரைக்கு உப்புப் போதுமா என்று கேட்டாய். மறுநாள் விடிந்ததும் பிள்ளைகள் வருமுன் என்னைப் பள்ளத்துக்கு அழைத்துப் போனாய். கோலை ஊன்றி, காலை இழுத்து இழுத்து நடந்தாய். அங்கேயும் ஒரு சின்ன அருவி கண்டுபிடித்து வைத்திருந்தாய். வாரத்துக்கு இரண்டு நாள் வருவேன் என்றாய். நீ தண்ணீருக்குள் இறங்கிப் போய்ப் பாறையில் உட்கார்ந்தாய். என் பக்கம் கையை நீட்டவில்லை. நான் கரையிலேயே வெகுநேரம் நின்றேன். பிறகு இறங்கினேன். முழங்கால் அளவு தண்ணீர். மூச்சு அடைத்தது. உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், நகர்ந்து இடம் விட்டாய்.

அதற்கப்புறம் வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதிக்கொண்டோம். கடைசியாக வந்தது உன் கையெழுத்தில் இல்லை. காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய் என்றும், மழையில் பாதை சரிந்து டாக்டரால் வந்து சேர முடியவில்லை என்றும் தோட்டத்துக் கிளாக்கர் எழுதியிருந்தார். அந்தப் பாதைக்கு உன்னை அனுப்பியவர்கள் மூன்று பேர். நாலாவதாக நானும் உண்டு.

பயம் என்னை விட்டுப் போகவில்லை. போன வருஷம்கூட ஒரு கூட்டத்தில் பேசவேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். உன்னிடம் மறைப்பதில் என்ன இருக்கிறது?

ஆனால் சென்ற மாதம் ஒரு சின்னப் பிள்ளை கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். புதிதாக வந்த டீச்சர்மீது பழி விழுந்தது. அதே ஆபீஸ் அறை. பழைய மிஸ்ஸியம்மா மாற்றலாகிப் போய்விட்டார், மற்றவர்களும் வேறு ஆட்கள். அந்தப் பெண் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கேட்டார்கள். நாற்காலியின் கையைப் பிடித்திருந்த விரல்கள் விட்டு வரவில்லை. அப்படியே எழுந்து நின்றேன்.

“அன்னைக்குக் கெணத்தடியப் பாத்துக்கவேண்டிய முறை என்னோடதுங்க. நான்தான் போகல.”

குரல் மோசமாக நடுங்கியது. நடுங்கிய குரலிலேயே மிச்ச உண்மையையும் சொல்லி முடித்தேன்.