ஆளுநர் கடிதத்தின் முதுகு

பிப்ரவரி 3, செவ்வாய்

தெலவேர் ஆறு உறைந்துகிடக்கிறது. என் விரல்களும் அப்படியே. குடியரசுத் தலைவர் மாளிகையில் மூன்றாம் எழுத்தன் நான். முதலிரண்டு பேரும் தலைவரின் உறவுக்காரர்கள், ஆகவே வேலை முழுக்க எனக்கு.

இன்று இரண்டு கடிதங்கள். ஒன்று அரசாங்கத்துடையது, ஒரு மாநில ஆளுநருக்கு: எல்லைக்கு உடனே படை அனுப்புங்கள், தங்கள் வீரம் நாடறிந்தது. மற்றது அந்தரங்கம், தலைவர் தம் மைத்துனருக்கு எழுதியது: "ஆளுநரின் தொப்பை முன்னால் போகும், துணிச்சல் பின்னால் வரும், இரண்டும் சந்தித்ததே இல்லை." சிரிப்பை அடக்கியதில் விக்கல் வந்துவிட்டது.

நகலுக்கு, ஈரமான மெல்லிய தாளைக் கடிதத்தின் மேல் பரப்பி நகல் பொறியில் அழுத்த வேண்டும். ஒவ்வொன்றாக. வீட்டில் என் மனைவி மெகிதபெல் வைத்த குடல் சூப் ஆறிவிடுமே என்று இரண்டையும் ஒன்றாக அடுக்கித் திருகினேன். மடித்தேன், அரக்கு வைத்தேன், ஓடினேன்.

பிப்ரவரி 4

அந்தரங்கக் கடிதத்தின் நகல் தாளில் மை மறுபுறம் வரை ஊறியிருக்கிறது. மறுபுறம் ஒட்டிக் கிடந்தது எது? ஆளுநர் கடிதத்தின் முதுகு. வெற்றுத் தாளில் செய்து பார்த்தேன். எழுத்து இடவலம் மாறி விழுகிறது. கண்ணாடியில் காட்டினால் தொப்பை, துணிச்சல் எல்லாம் தெளிவு.

தபால் வண்டி நேற்றே போய்விட்டது.

பிப்ரவரி 6

தலைமைச் செயலர் லாத்ராப் பிடித்துக்கொண்டார். "என்னய்யா எப்ராயீம், பேயறைஞ்ச மாதிரி இருக்கே? படை கேட்ட கடிதம் போச்சில்ல? அந்த ஆளுநர் ரோஷக்காரன். ஒரு வார்த்தை உறுத்தினாப் போதும், ஒரு சிப்பாயைக்கூட அனுப்ப மாட்டான்."

வீட்டில் மெகிதபெல்: "சொல்லிடுங்க."

"சொன்னா வேலை போயிடும்டி."

"சொல்லாட்டி?"

"எல்லை போயிடும்."

"ஒரு கிண்ணம் சூப்புக்கு எல்லையையா? நல்லா வித்தீங்க போங்க."

பிப்ரவரி 11

பதில் இல்லை. லாத்ராப் கதவு வரை போனேன், திரும்பினேன். தொப்பை எனக்கும் உண்டு. துணிச்சல்?

பிப்ரவரி 17

பதில் வந்தது. அரக்கை உடைப்பது என் வேலை. கண்ணை மூடிக்கொண்டு உடைத்தேன். படை புறப்பட்டுவிட்டதாம்.

திருப்பினேன். பதிலின் முதுகில், ஓரத்தில், பொடி எழுத்து. இடவலம் மாறி. கூடத்துக் கண்ணாடிக்கு ஓடினேன்.

"எழுத்தர் அண்ணனுக்கு, ஆளுநரோட எழுத்தன் எழுதுறது. முதுகைக் கத்தியால சுரண்டி, ரொட்டித் துணுக்கால தேய்ச்சுட்டுத்தான் உள்ளே கொடுத்தேன். எங்க ஆள் பார்க்கலை. உங்க ஆள் சொன்னது ரொம்பச் சரி. இனிமே ஒண்ணொண்ணா அழுத்துங்க."

பேனாக்கத்தியை எடுத்து அந்தப் பொடி எழுத்தை நானும் சுரண்டினேன்.

லாத்ராப் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அவ்வளவு பெரிய ஆளுநர், காகிதம் மட்டும் இவ்வளவு மட்டமாவா வாங்குவாரு?"

"கஞ்சராம், ஐயா," என்றேன்.

பிப்ரவரி 18

இன்று ஏழு கடிதங்கள். ஒவ்வொன்றாக அழுத்தினேன். சூப் ஆறிக் கட்டியாகிக் கிடந்தது. கிண்ணத்தை வழித்துக் குடித்தேன்.